சுவரில் இடம் தராத ரகு

ரகுராமன் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. கண்காட்சி விவரங்கள் போடுகிற குழு. "நம் ரகு சார் இன்று காலை காலமானார்." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். உறவினர் மட்டும்தான் இருக்கலாம் என்று பெங்களூரு ஆஸ்பத்திரியில் முந்தின நாள் என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவன் நான். போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

அந்தக் குழுவில் இருக்கும் உங்களில் பலருக்கு அவர் கண்காட்சி அமைப்பாளர். மூக்கண்டப்பள்ளியில் மூடிக்கிடந்த லேத் பட்டறையை வாங்கி, வெள்ளையடித்து, படங்கள் மாட்டியவர். நான் அப்போது கம்பெனிகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை நிறுத்தி நான் எனக்கென்று எடுத்து வைத்திருந்த படங்களை ரகு பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார். என் முதல் கண்காட்சியை அவரே நடத்தினார். நல்ல கேமரா ஒன்றும் வாங்கித் தந்தார்.

பிறகு நாங்கள் காதலித்தோம். சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து வாழத் தொடங்கியதும் மனுஷன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்: "இனிமே உன் படத்தை நான் மாட்ட மாட்டேன். வீட்ல சோறு போடுவேன், சுவத்துல இடம் தர மாட்டேன்."

"உன்னக் கட்டிக்கிட்டதுக்கு இதுதான் தண்டனையா?" என்று கத்தினேன்.

"நாளைக்கு ஒருத்தன் உன்னை ரகுவால வந்தவன்னு சொல்லக் கூடாது. கத்து. கத்திட்டு வந்து சாப்பிடு."

தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை மிதித்த ராகிக் காடுகளில் வாரக்கணக்கில் அலைந்து எடுத்த படங்களையும் அவர் தொடவில்லை. என் பெயர் போடாமல் சென்னையில் வேறொரு கண்காட்சி அமைப்பாளருக்கு அனுப்பச் சொன்னார். அங்கே தேர்வாயின. திறப்பு நாளில் ரகு கடைசியில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "பாத்தீங்களா? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பேர்ப்பட்ட மனுஷன்!

சாவு வீட்டில் அவருடைய அக்கா என்னை ஓரமாக அழைத்து, "யாராச்சும் கேட்டா ஸ்டூடன்ட்டுன்னு சொல்லிடு தம்பி" என்றார். தலையாட்டினேன்.

காரியத்துக்கு முந்தின நாள் அந்த அக்காவே போன் செய்தார். "நாளைக்கு அவனுக்குப் பிடிச்சதை இலையில படைக்கணும். சின்னதுல ஒப்பட்டுப் போளின்னா உசுரு. இப்ப என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியலயேப்பா..." மேலே பேச முடியாமல் அழுதார்.

கடைசிவரை அவருக்குப் பிடித்த ராகிக் களியும் அதற்கு ஊற்றும் உப்புச்சாறும் நானே செய்து எடுத்துப் போனேன். மத்தூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், நான் இலை முன் உட்கார்ந்ததைப் பார்த்து, "இது யாரு?" என்றார்.

"அவன்கூட வாழ்ந்த புள்ள. இவன்தான் படைக்கணும்" என்றார் அக்கா.

பட்டறையில் என் படங்களை மாட்டி அஞ்சலி செலுத்தலாம் என்கிறீர்கள். வேண்டாம். அவர் சொல்லை நான் மீறுவதாக இல்லை. அந்தச் சுவர் மற்றவர்களுக்கு இருக்கட்டும். அவரோடு வாழ்ந்தவன் என்று எல்லார் முன்னாலும் என்னை அக்கா சொன்னாரே, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.