மோட்டாருக்கு வைத்த ரிங்டோன்

என் அப்பாவுக்கு மோட்டார் போன் பண்ணும். சிரிக்காதீர்கள், தாராபுரம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். கிணற்றடி ஸ்டார்ட்டரோடு சிம் போட்ட ஒரு பெட்டியை மாட்டியிருக்கிறோம். மோட்டாரை ஓட்டும் த்ரீ பேஸ் கரண்டு நாளில் சில மணி நேரம்தான் வரும், வந்தவுடன் அது அப்பாவைக் கூப்பிடும். அவர் போனை எடுத்து ஒன்றாம் எண்ணை அமுக்கினால் மோட்டார் ஓடும். எடுக்காவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

அம்மா இருந்தவரை இந்தப் பெட்டிக்கே அவசியம் வரவில்லை. கரண்டு வந்தால் எரியும்படி வீட்டில் ஒரு பல்பு இருந்தது. அதைப் பார்த்து அம்மா புழக்கடையில் நின்று குரல் கொடுப்பாள், தோட்டத்தில் இருக்கும் அப்பா போய் மோட்டாரைப் போடுவார். அம்மா போன பிறகுதான் பெட்டி வாங்கினோம். அப்பாவுக்கோ திரையில் இருக்கும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பும் மோட்டாரின் அழைப்பும் அவருக்கு ஒரே சத்தம். வெறுத்துப்போய் எதையும் எடுப்பதில்லை. பங்குனி வெயிலில், புதிதாக வைத்த தென்னங்கன்றுகள் வாடத் தொடங்கின.

"மோட்டாருக்கு மட்டும் தனிச் சத்தம் வெச்சுக் குடு கண்ணு" என்று ஒருநாள் அப்பாவே எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, நான் எப்போதோ தோட்டத்தில் எடுத்த வீடியோவில் அம்மா அவரைக் கூப்பிடுவது இருக்குமே, அதையே வைக்க முடியுமா என்று கேட்டார்.

நான் பீளமேட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருப்பவள். இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு நல்ல அடி விழுந்தது. வீடியோவிலிருந்து குரலை மட்டும் கம்ப்யூட்டரில் வெட்டி வாட்ஸப்பில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது, அமுக்கினால் பேசியது, ரிங்டோன் பட்டியலில் மட்டும் காணோம். எங்கே அமுக்க வேண்டும் என்று நான் போனில் சொல்லச் சொல்ல, அப்பா என் அழைப்பையே கட் செய்துகொண்டிருந்தார்.

சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். கேபிளைச் செருகினால் போனில் சார்ஜ் ஏறியதே ஒழிய, கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வேறு கேபிள் வாங்கி வந்தேன். ஃபைலை எம்பி3 ஆக்கி, ரிங்டோன் ஃபோல்டருக்குள்ளேயே போட்டேன். பட்டியலில் வந்துவிட்டது. ஆனால் மோட்டாரின் எண்ணுக்கு மட்டும் தனி டோன் வைக்கும் இடமே தென்படவில்லை. இந்த ஓட்டைப் போனை யார் வாங்கச் சொன்னது என்று அப்பா மேல் எரிந்து விழுந்தேன். பாவம், வாங்கிக் கொடுத்ததே நான்தான். கடைசியில் பார்த்தால், எண்ணை சிம்மில் சேமித்திருந்ததுதான் கோளாறு. போனுக்கு மாற்றியதும் டோன் ஏறிக்கொண்டது.

சரியாகிவிட்டதா என்று சோதிக்கக்கூட வழியில்லை. மோட்டார் கூப்பிட்டால்தான் அந்தக் குரல் வரும், கரண்டு வந்தால்தான் மோட்டார் கூப்பிடும். சும்மா உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானம் சாப்பிடும்போது அடித்தது.

"ஏனுங்க... கரண்டு வந்துருச்சுங்க. ஏனுங்க..."

வெட்டி ஒட்டும்போது கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப்போன குரல்தான். ஆனாலும் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். அப்பா இடது கையில் போனை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். எடுங்கப்பா, ஒன்றை அமுக்குங்க என்றேன். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. பெட்டி மறுபடி கூப்பிட்டது. அதையும் கடைசிவரை கேட்டார். நான் எச்சில் கையோடு கிணற்றடிக்கு ஓடி மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தேன்.

இத்தனை பாடுபட்டு வைத்துக் கொடுத்தும் எடுக்காவிட்டால் எப்படி என்று சத்தம் போட்டேன்.

"எடுத்தா நின்னு போயிருதில்ல கண்ணு" என்றார்.

வேறு சத்தம் மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதைப் பிடுங்கி மாற்ற எனக்குக் கை வரவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, மோட்டார் ஓடியதா என்று கேட்டேன்.

"கூப்புட்டா கண்ணு. நல்லாக் கூப்புட்டா" என்றார்.

கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை.