மூடாமல் நின்ற ஒரு ஃபைல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு உதிரிபாகங்கள் கடையும் ஒரு கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வரைபடங்கள், மெஷின்களுக்கான புரோகிராம்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருக்கும். காலையில் ஒவ்வொரு மெஷினும் தனக்கு வேண்டியதை அங்கிருந்து எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கும். ஃபைல்களை இப்படி எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கும் மென்பொருள் இலவசமானது. பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதுவது.

ஒரு திங்கட்கிழமை அதில் ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்தது. உள் நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் கடவுச்சொல் இல்லாமலே நுழைந்துவிடலாமாம். புதிய பதிப்புகளுக்குத் திருத்தம் தயாராக வந்துவிட்டது. எங்களுடையதோ எல்லோரும் கைவிட்ட பழைய பதிப்பு. திருத்தத்தை எடுத்து அதற்கு ஏற்றபடி நானே பொருத்தி, நிறுவக்கூடிய பேக்கேஜாகக் கட்ட வேண்டும். அதுவரை நான் செய்யாத வேலை.

இரண்டு நாள் பிடித்தது. பருத்திப்பட்டில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாலும் ஏதோ முணுமுணுக்கிறேன் என்றார் கணவர். முதல் பேக்கேஜைச் சோதனைக் கணினியில் போட்டேன். ஒரு பிழைகூட வரவில்லை. மேலாளரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்து பார்த்தால், எதுவுமே மாறியிருக்கவில்லை. பதிப்பு எண்ணை உயர்த்த மறந்திருந்தேன். கணினி, இது ஏற்கெனவே நம்மிடம் இருப்பதுதானே என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டது. திரும்பப் போய் மேலாளரிடம் சொன்னபோது அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எண்ணின் கடைசியில் ஒன்றைக் கூட்டி மறுபடி கட்டினேன். இந்தத் தடவை நிஜமாகவே மாறியது.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் சர்வரில் போட அரை மணி நேரம் கொடுத்தார்கள். மென்பொருளை நிறுத்தித் திரும்பத் தொடங்கும் அந்த நேரத்தில் ஒரு ஃபைலும் திறந்திருக்கக் கூடாது என்பது மேலாளரின் நிபந்தனை. பாதியில் அறுந்தால் மெஷினில் இருக்கும் உருப்படி வீணாகிவிடும். எல்லோரையும் மூடச் சொன்னேன். பட்டியல் ஒவ்வொரு வரியாகக் குறைந்து, கடைசியில் ஒரே ஒரு வரியில் நின்றுவிட்டது. யாரோ ஒருவர் ஒரு ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார். அந்தக் கணினி என் பதிவேட்டிலேயே இல்லை. ஃபைலின் பெயர் நீளமான ஓர் எண். எங்கள் புரோகிராம்களின் பெயர்களும் எண்கள்தான் என்பதால் எனக்குப் பயமாகிவிட்டது.

மெஷின் ஷாப் ஃபோர்மேன் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர், ஆறடி உயரம். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒயர புடுங்கி உடுமா. எவனா இருந்தா இன்னா?"

எது என்று தெரியாமல் பிடுங்க மாட்டேன் என்றேன். அப்படியானால் தேடிப் பிடிப்போம் என்று அவரே ஏணியைத் தூக்கிக்கொண்டார். சர்வர் அறையிலிருந்து அந்தக் கணினிக்குப் போகும் நீல ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். மெஷின் ஷாப்பின் உத்தரத்தில் ஏறி, ஸ்டோர் ரூம் சுவரில் ஒரு ஓட்டை வழியாக இறங்கி, சைக்கிள் ஷெட்டைத் தாண்டி அது போய்க்கொண்டே இருந்தது. ஃபோர்மேன் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். கடிகாரத்தில் பதினெட்டு நிமிடம் போயிருந்தது.

ஒயர் கேன்டீனுக்குள் நுழைந்தது. கழித்துக் கட்டிய ஒரு பழைய கணினியைச் சுற்றி பேக்கிங் பிரிவுப் பெண்கள் பத்துப் பேர் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் கம்பெனியின் பொங்கல் விளையாட்டு வீடியோ. கயிறு இழுக்கும் போட்டி. ஒரு பக்கம் அதே பெண்கள், மறுபக்கம் மெஷின் ஷாப் ஆண்கள். கயிற்றின் முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றவர் சாட்சாத் எங்கள் ஃபோர்மேன்.

ஏணி மெதுவாகக் கீழே இறங்கியது. நான் மூச்சு வாங்கிக்கொண்டே, இதை உடனே மூட வேண்டும் என்று சொன்னேன். கள்ளிக்குப்பத்திலிருந்து வரும் அக்கா, பெண்கள் அணியின் தலைவி, தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"இரும்மா. அண்ணாத்த வுழுற எடம் இன்னும் வர்ல. அது ஆனதும் நிறுத்திக்கோ."

நான் ஃபோர்மேனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். ஒன்றரை நிமிடம் எல்லோரும் காத்திருந்தோம். திரையில் அவர் முகம் குப்புற மண்ணில் விழுந்து கொஞ்ச தூரம் இழுபட்டும் போனார். முதலில் சிரித்தது நான்தான். அடக்க முடியவில்லை. அப்புறம் பெண்கள். கடைசியில் அவரும் தலையில் கையை வைத்துக்கொண்டு குலுங்கினார்.

அக்கா வீடியோவை மூடினாள். நான் ஓடினேன். பட்டியல் காலி. பேக்கேஜைப் போட்டேன், மென்பொருள் நின்றது, திரும்ப எழுந்தது. புது எண் சரியாக வந்திருந்தது. மணி அடித்ததும் முதல் மெஷின் தன் புரோகிராமை எடுத்துக்கொண்டு சுழலத் தொடங்க, ஷாப்பின் மறுகோடியிலிருந்து ஃபோர்மேன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சாப்பிடக்கூட மறந்து அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், குறித்து வைத்திருந்த அந்த ஃபைல் பெயரின் முடிவிலேயே அது வீடியோ என்று தெளிவாக எழுதியிருந்தது. அவசரத்தில் பார்க்கவில்லை. இதை மேலாளரிடம் நான் சொல்லவில்லை.

சாயங்காலம் ஃபோர்மேன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அந்த வீடியோவ மட்டும் அழிச்சிடேன்மா."

ஓட்டையை அடைப்பது மட்டும்தான் எனக்குக் கொடுத்த வேலை என்றேன். சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து மெஷின் ஷாப் ஆட்கள் டீ இடைவேளையில் லாரிக் கயிறு ஒன்றை வேப்பமரத்தில் கட்டி இழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.