ஜனவரி வரைக்கும்

அக்டோபர் கடைசியில் மருத்துவக் காப்பீட்டுக் கடிதங்கள் வந்துவிட்டால், எல்மர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது. எந்தக் கம்பெனி சந்தாவை எவ்வளவு ஏற்றியிருக்கிறது, எதற்கு மாறினால் எவ்வளவு மிச்சம் என்று பால்ட்ஸ் எல்மர் தாள்களை விரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் பள்ளத்தாக்கில் அந்த வாரம் எல்லா வீட்டிலும் இதே கூத்துதான். ஆனால் பால்ட்ஸ் ஊருக்கே ஆலோசகன். மின்சார மீட்டர் கணக்கெடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் ஒரு காபியைக் குடித்துவிட்டு, கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் யோசனை சொல்லிவிட்டு வருவான்.

யோசனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சொந்தப் பங்கு என்று ஒரு தொகை உண்டு. வருஷத்தில் வைத்தியச் செலவு அந்தத் தொகையைத் தாண்டும்வரை நம் கைக்காசு, அதற்கு மேலேதான் கம்பெனி. முந்நூறு ஃப்ராங்க் என்று வைத்தால் மாதச் சந்தா கூடும். இரண்டாயிரத்து ஐந்நூறு என்று வைத்தால் சந்தா குறையும். உடம்பு நன்றாக இருக்கிறவன் இரண்டாயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொள்ள வேண்டியது. முழங்கால் தேய்ந்துவிட்டதா, பல்லைக் கடித்துக்கொண்டு நவம்பருக்குள் எழுதிப் போட்டு முந்நூறுக்கு இறங்க வேண்டியது, ஜனவரி பிறந்ததும் ஆபரேஷனுக்குப் போய்ப் படுக்க வேண்டியது. ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் முழங்காலை மாற்றிக்கொண்டார்கள். ஜனவரியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தால் தெருவில் நடக்கிற மாதிரி இருக்கும், எல்லாம் தெரிந்த முகங்கள்.

பால்ட்ஸின் மனைவி ரெகுலாவுக்கு ஐம்பத்தேழு வயது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷமாக அறுபது பேருக்கு சூப் காய்ச்சுகிறவள். ஒரு தடவை கொதிக்கிற சூப் கையில் கொட்டியபோதுகூட ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு பரிமாறி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மகள் விண்டர்ட்டூரில் குடும்பமாக இருக்கிறாள். கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் ரெகுலா ஒரு காகிதத்தையும் படித்ததில்லை. காகிதம் பால்ட்ஸின் இலாகா. அவன் விரல் வைத்துக் காட்டுவான், அவள் கையெழுத்துப் போடுவாள். அவனை நம்பினாள் என்பது பாதிக் காரணம்தான். அவளுக்கு அதெல்லாம் அலுப்பு.

அந்த அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, குளிக்கும்போது, இடது மார்பின் அடியில் ஏதோ தட்டுப்பட்டது. வேகாத பட்டாணி மாதிரி. அழுத்தினால் வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இல்லத்தில் எத்தனை பெண்களுக்குச் சோறு போட்டு வழியனுப்பியிருக்கிறாள், அவளுக்குத் தெரியாதா.

மறுநாள் சாயங்காலம் தாள்களுக்கு நடுவே ரொட்டித் தட்டை வைத்தபடி கேட்டாள்.

"பால்ட்ஸ், ஒருத்தர் டாக்டரைப் பாக்கணும்னா இப்பப் போறதா, ஜனவரில போறதா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "சொந்தப் பங்கு எவ்வளவு வெச்சிருக்காங்க?"

"ரெண்டாயிரத்தி ஐந்நூறு."

"அப்ப இது ஒரு கேள்வியா? முந்நூறுக்கு எழுதிப் போட்டுட்டு ஜனவரில போகணும். இப்பப் போறவன் கையில காசு கனத்துக் கிடக்கறவன். யாருக்கு, உன் கிச்சன்ல யாருக்காவதா?"

"ம். ஒருத்திக்கு."

"நான் சொன்னேன்னு சொல்லு," என்று வெண்ணெயை எடுத்துத் தடவிக்கொண்டான்.

அந்த இடத்திலேயே அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், ஜனவரி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பயந்துகொண்டு போகாமல் இருந்தால் கோழை. ஊர் வழக்கப்படி காத்திருந்தால் விவரமானவள். ஜனவரி அவளுக்கு ஒரு கௌரவமான சாக்கைக் கொடுத்தது.

ஆனால் பால்ட்ஸிடம் தனக்கு முந்நூறு எழுதச் சொன்னால் ஏன் என்று கேட்பான். அவன் வழக்கம்போல இருவருக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறை அப்படியே விட்டுவிட்டான். "நம்ம ரெண்டு பேரும் குதிரைங்க. ஒன்பது வருஷமா கம்பெனிக்காரனுக்கு ஒரு சீட்டு அனுப்பல," என்று சொல்லி ஃபைலை மூடினான். அதில் அவனுக்கு இருந்த பெருமையைக் கெடுக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை.

நவம்பர் நடுவில் சூரியன் தெற்கு மலைக்குப் பின்னால் போய்விட்டது. இனி பிப்ரவரியில்தான் ஊருக்குள் வெயில். இல்லத்து அலுவலகத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து ரெகுலா தானே கடிதம் எழுதினாள். பெயர், காப்பீட்டு எண், வருகிற ஜனவரி முதல் முந்நூறு ஃப்ராங்க். நாலு வரிக்கு மூன்று தாள் வீணாயிற்று. மாதம் முடிவதற்குள் கடிதம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், தபாலில் போட்ட தேதி செல்லாது என்று பால்ட்ஸ் ஊருக்கெல்லாம் சொல்வதைக் கேட்டிருக்கிறாள். அதனால் பத்து நாள் முன்னதாகவே பதிவுத் தபாலில் அனுப்பினாள். ரசீதை உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

உடன் வேலை பார்க்கும் த்ரூடி ஒரு நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

"கைய ஏன் அப்படி ஒடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டே இருக்க?"

"தோள்பட்டை."

"காட்ட வேண்டியதுதான?"

"ஜனவரில."

"ஆமா, அதுவும் சரி. எங்க வீட்டுக்காரரோட குடலிறக்கத்த நாங்களும் அப்படித்தான் பாத்தோம். தீபோல வலிச்சுது அவருக்கு. பொறுத்துக்கிட்டார்."

யாராவது ஒருத்தர் அவளைத் திட்டியிருந்தால் போயிருப்பாள். யாரும் திட்டவில்லை. எல்லோரும் சரி என்றே சொன்னார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் டாக்டரின் கிளினிக்குக்குத் தொலைபேசியில் அழைத்து, ஜனவரி நாலாம் தேதி, வருஷத்தின் முதல் வேலை நாள், நேரம் கேட்டாள். உதவியாளர் பெண், "அவசரமாங்க? அவசரம்னா இந்த வாரமே வரலாம்," என்றாள். ரெகுலா, "இல்லம்மா, சின்ன விஷயம்," என்றாள். தொலைபேசியை வைத்தபிறகு, அந்தப் பெண் இன்னொரு தரம் கேட்டிருக்கக் கூடாதா என்று அவள்மேல் கோபம் வந்தது. அதே மாதத்தில் ஒரு காலை அக்குளிலும் ஒன்று தட்டுப்பட்டது. இது சின்னது. அதற்குப் பிறகு குளிக்கும்போது இடது பக்கம் துணியை வைத்துத்தான் தேய்த்தாள், விரல் படாமல்.

புது வருஷத்துக் காப்பீட்டுப் பத்திரம் வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். பால்ட்ஸ் பிரித்தான். ரெகுலா எல்மர், சொந்தப் பங்கு முந்நூறு. தப்பு செய்துவிட்டான் கம்பெனிக்காரன் என்று அவனுக்கு ஒரே உற்சாகம். கீழே இறங்கத்தான் நவம்பர் கெடு, மேலே ஏறுவதற்கு டிசம்பர் கடைசிவரை நேரம் உண்டு. அது தெரிந்தவர்கள் ஊரில் அவனைத் தவிர இரண்டு பேர் இருந்தால் அதிகம். உடனே உட்கார்ந்து ஒரு கடிதம் அடித்தான். அன்றைக்குச் சாயங்காலம் விடுதியில் பீர் குடித்துக்கொண்டு அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தான். வீட்டில் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. காகிதம் அவன் இலாகா ஆயிற்றே.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துமஸ் அட்டைகளுக்கு ரெகுலா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது அட்டை. மூக்குக்கண்ணாடி சமையலறையில் இருந்தது. பால்ட்ஸ் ஒவ்வொன்றாக நகர்த்தி, "இங்க, இங்க," என்று விரல் வைத்துக் காட்டினான். அவள் போட்டுக்கொண்டே போனாள். அதில் ஒன்று வாழ்த்து அட்டை இல்லை.

நாலாம் தேதி காலை அவள் புது உள்ளாடை போட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வந்தபோது பால்ட்ஸ் காபி குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அன்றும் விடுமுறை.

"எங்க கிளம்பிட்ட?"

"டாக்டர்கிட்ட. ஒன்பதரைக்கு."

"டாக்டரா? எதுக்கு?"

"ஒரு சின்ன விஷயம். முந்நூறுதான, பரவால்ல."

அவன் கோப்பையை வைத்தான். "யார் சொன்னா முந்நூறுன்னு?"

"நான்தான் எழுதிப் போட்டேன். நவம்பர்ல."

"அட, அது உன் வேலையா?" பால்ட்ஸ் சிரித்துவிட்டான். "கம்பெனிக்காரன் தப்புன்னுல்ல நெனச்சேன். அப்பவே திருப்பி ஏத்தி அனுப்பிட்டேனே. நீதான கையெழுத்துப் போட்ட, அட்டையோட அட்டையா."

ரெகுலாவின் கோட்டுப் பொத்தானில் இருந்த கை அங்கேயே நின்றது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல," என்று அவன் தொடர்ந்தான், சமாதானமாகவே. "சரி விடு. தோள்பட்டைதான, த்ரூடி சொன்னா. கொஞ்சம் பொறுத்துக்கோ. வர்ற நவம்பர்ல நானே எழுதிப் போடறேன், அடுத்த ஜனவரில ஜம்முன்னு போயிட்டு வா. இப்பப் போய் கைக்காசக் கொட்டணுமா?"

அடுத்த ஜனவரி. அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சரி, பார்க்கலாம் என்று கோட்டைக் கழற்றி மாட்டிவிடத் தோன்றியது. பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தாள். கோட்டைத் திறந்து, ரவிக்கையின் இரண்டு பொத்தான்களைக் கழற்றி, அவன் வலது கையைப் பிடித்து உள்ளே வைத்து அழுத்தினாள்.

"தோள்பட்டை இல்ல," என்றாள்.

பால்ட்ஸின் விரல்கள் முதலில் ஒன்றும் புரியாமல் கிடந்தன. பிறகு அசையாமல் நின்றன. அவன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்லப் போய்க்கொண்டே இருந்தது, போய் முடிய நேரமாயிற்று.

"எப்பலேர்ந்து?"

"அக்டோபர்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"கேட்டேனே," என்றாள் ரெகுலா. "நீதான ஜனவரின்னு சொன்ன."

அவன் கையை எடுக்கவில்லை. அவள்தான் அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். ஒன்பதரைக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.