முன்தண்டு அனந்தபத்மநாபன்

தொங்கிக்கொண்டிருக்கும்போது அனந்தபத்மநாபனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் பிடி தளர்ந்துவிடும். இது தெரிந்தேதான் அவர் மனைவி ஜானு அந்த நேரமாகப் பார்த்து அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள். "ஏன்னா, இன்னிக்குப் புடலங்காயா, கொத்தவரங்காயா? சொன்னாத்தானே நறுக்க முடியும்!" அவர் தலையை மட்டும் ஆட்டுவார். கூடத்து நடுவில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் இரும்புச் சட்டம். அதன் உச்சிக் குழாயை இரண்டு கையாலும் பற்றி, முழங்காலைப் பின்னுக்கு மடக்கி, கடை முகப்பில் கட்டிய வாழைத்தார் மாதிரி கனத்துத் தொங்குவார். மேலே எம்புவது கிடையாது. இந்தச் சட்டத்தை வாங்குகிறவர்கள் தாடையைக் கம்பிக்கு மேலே கொண்டுபோக ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். அவருக்கு வேண்டியது கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் நீளம். அரை அங்குலம் போதும்.

ஐம்பத்தாறு வயது. கல்லூரி ஒன்றில் அலுவலகக் கண்காணிப்பாளர். நாகமலை புதுக்கோட்டையை ஒட்டிய அந்தக் காலனியில் அவர் உத்தியோகம் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது. 'முன்தண்டு அண்ணன்' என்றால் வீட்டைக் காட்டுவார்கள். காலனியில் ஒரு சின்னப் பெருமாள் கோயில் உண்டு, காலனிக்காரர்கள் தாங்களே கூடிக் கட்டியது. பல்லக்குத் தூக்கக் கூலியாள் கிடையாது. குடியிருப்பவர்களே தோள் கொடுக்க வேண்டும். முதல் புறப்பாட்டன்று எல்லோரையும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கவைத்து உயரம் பார்த்தபோது, மயிரிழை வித்தியாசமில்லாமல் பொருந்தியவர்கள் இரண்டே பேர். அனந்தபத்மநாபன் ஒருவர். இன்னொருவர் ராஜபாண்டி, கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர், சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அன்றைக்குப் பல்லக்கின் முன்முனையான முன்தண்டில் இடப்பக்கம் அனந்தபத்மநாபன், வலப்பக்கம் ராஜபாண்டி என்று நின்றவர்கள்தான். மற்ற இடங்களுக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்க, இவர்கள் மட்டும் மாறவேயில்லை.

தோளில் ஏறிய பழக்கம் கால்களிலும் இறங்கிவிட்டது. கடைத்தெருவுக்குப் போனாலும் அனந்தபத்மநாபன் பல்லக்கு நடைதான் நடப்பார். சின்ன அடி, குலுங்காத இடுப்பு. தெரு முனையில் திரும்பும்போது, வெளிவட்டத்தில் வருகிறவர்கள் சுற்றி வரட்டும் என்று ஒரு நொடி தாமதிப்பார். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். ஜானு மட்டும் கத்தரிக்காய்ப் பையோடு இடித்துக்கொண்டு நிற்பாள். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண் போவது சுவருக்கு. சாய்ந்து தொங்கும் காலண்டரை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். அவருடைய சட்டைகளெல்லாம் வலது தோளில் மட்டும் முதலில் நைந்துபோகும். தையல்காரர் கேட்டால், "அங்கதான் பெருமாள் உக்காந்துக்கறார்" என்பார்.

போன புரட்டாசியில்தான் வினை வந்தது. புறப்பாட்டுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி பல்லக்கை வழிநடத்துகிறவர் நல்லகாமன். தொண்டை பெரிது, மனசும் பெரிதுதான், ஆனால் தொண்டைதான் முந்தும். நடுத்தெருவில், கோலத்துக்கு முன்னால், தேங்காய்த் தட்டோடு நின்ற அத்தனை பேரும் கேட்க, "நிறுத்து நிறுத்து! பெருமாள் இடது பக்கம் சாயிறாருப்பா!" என்று கத்தினார். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "அண்ணே, நீங்க கொஞ்சம் கட்டையாப் போயிட்டீகளோ?" என்றார். யாரிடமோ துண்டு வாங்கி நாலாக மடித்து, அனந்தபத்மநாபன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே செருகப் போனார்.

அனந்தபத்மநாபன் அந்தத் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுத்தி, இரண்டு கன்னமும் பிடரியும் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ம், நடக்கலாம்."

கோயில் வாசலில் பல்லக்கு இறங்கியதும் நல்லகாமன் அவரைத் தனியே கூப்பிட்டார். "கோவிச்சுக்காதீக. அடுத்த வருசம் நீங்க குடைக்கு வந்துருங்கண்ணே. பெருமாளுக்குக் குடை பிடிக்கிறதுன்னா அம்புட்டு லேசா?" குடை பிடிப்பது கௌரவமான வேலைதான். வயதானவர்களுக்குக் கொடுப்பது. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. அன்றிரவு ஜானுவின் தையல் டேப்பால் தன்னைத் தானே அளக்கப் பார்த்து, முடியாமல், கதவு நிலையில் சாய்ந்து நின்று தலை மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டார்.

வயதானால் முதுகெலும்பு அமுங்கும், தொங்கினால் நிமிரும் என்று ஏதோ ஒரு வீடியோவில் ஒரு பையன் சொன்னான். போதாதா? 'புல்-அப் அண்ட் டிப் ஸ்டேஷன்' என்று போட்டிருந்ததைத் தை மாதம் பிறந்ததும் செல்போனில் ஆர்டர் செய்தார். பெட்டியைக் கொண்டுவந்தவன் வாசல்படியில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினான். "உள்ள என்ன சார், தண்டவாளமா?" கோயம்புத்தூரிலிருக்கும் மகள் சுஷ்மா போனில் சிரித்தாள். "அப்பா, சிக்ஸ் பேக்கா? அம்மா பாவம்பா!" அவர் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. முக்கியமாக ராஜபாண்டியிடம் மூச்சு விடவில்லை. சமஉயரம் என்பது அவர்கள் இருவருக்குள் இருந்த நட்பின் பெயர். அதில் தான் குறைந்துபோனதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

பூட்டியது ஒரு பெரிய கதை. படம் போட்ட காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தொடங்கியதால், ஊன்றி எழும்ப வேண்டிய இரண்டு கைக்குழாய்களும் முதலில் சுவரைப் பார்த்து நின்றன. "துண்டு காயப்போட நன்னா இருக்கும்" என்றாள் ஜானு. கழற்றித் திருப்பினார். எல்லா போல்ட்டையும் முறுக்கிய பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. திருகாணியை யார் கண்டது, முடிச்சுதான் நிற்கும் என்பது அவர் கட்சி. தேங்காய் நார்க் கயிற்றை நனைத்து, ஒவ்வொரு மூட்டிலும் பல்லக்குக்குத் தண்டு கட்டுகிற அதே முடிச்சைப் போட்டார். பிறகு கொத்தனார்கள் வைத்துப் பார்க்கிற ரசமட்டம் ஒன்று வாங்கிவந்து உச்சிக் குழாய்மேல் வைத்துக் கட்டினார். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. கூடம் கழுவினால் தண்ணீர் வாசலுக்கு ஓடட்டும் என்று தரைக்கு வாட்டம் கொடுத்துக் கட்டிய வீடு அது. பெட்டியின் அட்டையைக் கிழித்து மடித்து மடித்து ஒரு காலுக்கடியில் கொடுத்தார். மூன்று நாள் சாயங்காலம் இதே வேலை. கடைசியில் குமிழி நடுவில் வந்து நின்றபோது கைகூப்பாத குறை.

இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஜானு சொன்னாள்: "அதோட காலுக்கு மட்டும் மடிச்சு வெக்கலாமாக்கும்."

அவர் குனிந்து அட்டையை இன்னொரு தடவை தட்டிவிட்டார்.

பங்குனி உத்திரப் புறப்பாட்டில் நல்லகாமன் பின்னோக்கி நடந்தபடியே புருவத்தை உயர்த்தினார். "அட, மட்டமா வாராரே பெருமாள்! என்னண்ணே செஞ்சீக?" அனந்தபத்மநாபன் நடை மாறாமல் நடந்தார். முகத்தில் மட்டும் பல்லக்கின் பெட்ரோமாக்ஸ் ஏறியிருந்தது. "சரி, புரட்டாசி வரைக்கும் பாப்போம்" என்றார் நல்லகாமன். மாதாமாதம் கதவு நிலையில் போட்ட கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து தடித்துக்கொண்டிருந்தனவே தவிர, மேலே ஏறவில்லை. பென்சில் மொக்கை என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பல்லக்கு சாயவில்லையே, அதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆவணி கடைசியில் ஜானு கொலுப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கினாள். "கூடம் எனக்கு வேணும். எடுக்கலைன்னா இதுமேலயே பலகை போட்டு மரப்பாச்சியை உக்காத்தி வெச்சுடுவேன்." கழற்றி வைக்கலாமே என்றதற்கு அவர் பதறிவிட்டார். "கட்டினதைப் பிரிக்கப்படாதுடி. மறுபடி அந்த மட்டம் வராது." மாடிப்படியோ குறுகல், முழுச்சட்டம் ஏறாது. அவள் அவரிடம் வாதாடவில்லை. ராஜபாண்டிக்குப் போன் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு ராஜபாண்டி வந்து நின்றார். கூடவே பின்தண்டுக்காரர்கள் இருவர். சட்டத்தைச் சுற்றி வந்தார். முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தார். "நம்ம முடிச்சுல்ல! எதுக்குண்ணே இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"உடம்புக்குத்தான் பாண்டி. சும்மா."

ராஜபாண்டி ஒரு முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டார். "எங்க வீட்டு முன்னாடி வேப்பமரத்தடி சும்மாதான் கெடக்கு. அங்க வெச்சுக்குவோம். காலைல வந்து தொங்குங்க, நான் டீ போட்டுத் தாரேன்."

சட்டத்தைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள். நீளக் குழாய்கள் இரண்டும் தண்டாகிவிட்டன. இடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடப்பக்கம் அவர், வலப்பக்கம் ராஜபாண்டி. உச்சிக் குழாய் இருவருக்கும் நடுவே குறுக்காக வந்தது, அதில் ரசமட்டம் கயிற்றால் கட்டியபடியே இருந்தது. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"அண்ணே, இது எந்தச் சாமிண்ணே?"

"தொங்குற சாமி. தேங்கா உடைங்க, வழி விடுங்க" என்றார் ராஜபாண்டி.

"சுண்டல் உண்டா மாப்ள?"

அனந்தபத்மநாபன் எதையும் காதில் வாங்கவில்லை. கண் குமிழிமேலேயே இருந்தது. அடிக்கு அடி லேசாக நடுங்கி, நடுக்கோட்டுக்கே திரும்பி வந்தது. "பாண்டி, பாத்தியா? மட்டம்! நூல் பிடிச்ச மாதிரி மட்டம்! குடையாவது ஒண்ணாவது!"

"ஆமாண்ணே." ராஜபாண்டியின் குரலில் மூச்சு வாங்கியது. இவ்வளவு சின்ன கனத்துக்கு மூச்சு வாங்குகிற ஆள் இல்லை அவர்.

தெரு முனையில் மருந்துக்கடை. முகப்பு முழுக்கக் கண்ணாடி. வழக்கம்போல அனந்தபத்மநாபன் அங்கே ஒரு நொடி தாமதித்தார். கண்ணாடியில் நான்கு பேரும் தெரிந்தார்கள். புறப்பாட்டில் கணுக்கால் வரை வேட்டி மறைத்திருக்கும். இன்றைக்கு மடித்துக் கட்டிய கைலி. ராஜபாண்டியின் இரண்டு முழங்காலும் வளைந்திருந்தன. நாற்காலியில் உட்காரப் போகிறவன் பாதியில் நின்றுவிட்டதுபோல வளைந்து, அந்த வளைவோடே அவர் தெரு முழுக்க நடந்து வந்திருந்தார். தொடை வெடவெடத்துக்கொண்டிருந்தது. பங்குனியிலும் இப்படித்தான் நான்கு தெருவும் சுற்றியிருக்க வேண்டும்.

"இறக்கு" என்றார் அனந்தபத்மநாபன்.

"வீடு வந்துருச்சேண்ணே, இந்தா தெரியுது—"

"இறக்கு பாண்டி."

இறக்கினார்கள். ராஜபாண்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தார். கண்ணாடியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு எதிர்ச் சாரியில் ஏதோ இருப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அனந்தபத்மநாபன் இடுப்பில் இறுக்கியிருந்த துண்டை அவிழ்த்தார். ஒருமுறை உதறினார். நாலாக மடித்து, நுனிக்கு நுனி சரிபார்த்து, தன் வலது தோளில் தானே வைத்துக்கொண்டு, குழாய்க்கடியில் குனிந்தார்.