தங்கை கேட்ட மாலை

எங்கள் தங்கை மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவள் "தலைவர் வீட்டுப் பாப்பா". அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த அக்கா என்ற உரிமையில் நான் சிலவற்றை எழுதுகிறேன்.

தங்கை டத்தோ கிராமாட்டில், நாங்கள் இன்றும் குடியிருக்கும் வீட்டில் பிறந்தாள். அப்பா அவர்கள் அப்போதே தொழிலாளர் சங்கத் தலைவர். கூலி உயர்வு, தமிழ்ப் பள்ளி என்று தோட்டத்துத் துரைமாரோடு வாதாடப் போய்விடுவார். வீட்டில் அவரைப் பார்ப்பதே அபூர்வம். கூட்டம் முடிந்து வரும்போது, தமக்குப் போட்ட மாலைகளைக் கையில் தொங்கவிட்டபடி வருவார். அவற்றில் ஒன்று தங்கைக்கு. அது அவள் முழங்காலுக்கும் கீழே தொங்கும். முக்காலியில் ஏறி நின்று, அப்பாவைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "சகோதரர்களே, நமக்கு வேண்டியது என்ன?" என்பாள். "சோறு!" என்று நாங்கள் கத்துவோம். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அப்போதுதான்.

பிறகு ஒரு கூட்டத்தில் அப்பா, "இனி எனக்கு யாரும் மாலை போடக் கூடாது. அந்தச் செலவைப் பள்ளிக்கூடத்துக்குச் செய்யுங்கள்" என்று அறிவித்துவிட்டார். கூட்டத்தார் அப்படியே வாக்குக் கொடுத்தார்கள்; ஊரே புகழ்ந்தது. தங்கை மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஏழாவது வயதில் அவளுக்கு விஷக் காய்ச்சல் கண்டது. டாக்டர் வந்து வந்து பார்த்தார். கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒரு நாள் கண்ணைத் திறந்து, மாலை வேண்டும் என்றாள். சித்தப்பா பூக்கடைக்கு ஓடி ஒன்று வாங்கி வந்தார். அப்பா அதைத் தம் கழுத்தில் போட்டுக் கழற்றி நீட்டினார்.

"இது கடை மாலைப்பா. யாருமே கை தட்டலையே" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் எங்கள் தீவுக்கு எதிரே அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் கூட்டம். போக வேண்டாம் என்றிருந்த அப்பா, அந்த மாலைக்காகவே கப்பலேறினார். பேசி முடித்ததும், "எனக்கு இன்றைக்கு ஒரு மாலை வேண்டும்" என்றாராம். கூட்டம் திகைத்துப் போயிற்று. தோட்டத் தொழிலாளி ஒருவர் எழுந்து, "ஐயா நம்மளச் சோதிச்சுப் பாக்கறாரு லா! நாங்க குடுத்த வாக்கு மாற மாட்டோம்யா!" என்றார். கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. உடன் போயிருந்த சித்தப்பா இதைச் சொன்னார். சாகக் கிடக்கும் குழந்தைக்காகக் கேட்கிறேன் என்று சொல்ல அப்பாவுக்கு நா எழவில்லை. மேடையில் தமக்கென்று எதையும் கேட்டுப் பழகியவரல்லர் அவர்.

வெறுங்கையோடு வீடு வந்தார்.

"போட்டாங்களாப்பா?"

"கை தட்டினாங்கம்மா. ரொம்ப நேரம் தட்டினாங்க."

தங்கை என்னைப் பார்த்து, "அக்கா, முக்காலிய எடுத்து வை" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மறுநாள் காலையில் போய்விட்டாள்.

செய்தி கேட்டு அந்தத் தொழிலாளர்கள் மாலைகளோடு வந்தார்கள். கூட்டத்தில் எழுந்து பேசியவரால் வாசற்படி ஏற முடியவில்லை. "தெரியாமப் போச்சேய்யா" என்று அழுதார். அப்பா அவர்முன் தலை குனிந்து நின்று, "எனக்குப் போடுங்க" என்றார்.

அத்தை பதறிவிட்டார். "அண்ணே, சாவு வீட்டு மாலையக் கழுத்துல வாங்கறதாவது!"

"என் கழுத்துல விழுந்ததத்தான் அவ போட்டுக்குவா" என்றார் அப்பா. வந்த மாலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழுத்தில் வாங்கி, கழற்றி, தங்கைக்குப் போட்டார்.

சலிக்காமல் வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அடுத்த வீட்டுச் சீன அம்மாவுக்கும், அவளைத் தூக்கிச் சென்றவர்களுக்கும், அக்கரையிலிருந்து வந்த அண்ணன்மாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பா இப்போதும் கூட்டங்களில் மாலை வாங்குவதில்லை. தங்கையின் நினைவு நாளில் மட்டும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே மாலை கொண்டுவரும் அன்பர்கள் நேராக அவள் படத்துக்குப் போடாமல், முதலில் அப்பாவின் கழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.