பேராசிரியர் வரும்வரை ஏழு வாரம்

முதலில் வெறும் முதுகுவலிதான். மஞ்சூரில் பஸ் ஏறும்போது என் மனைவி கோகிலா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "ஏனுங்க, முதுகுல ஒரே எடத்துல குத்துதுங்க" என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். சாயங்காலக் காய்ச்சலும் சேர்ந்துகொண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவருடைய அம்மா பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். கோகிலா மருந்து வரிசையில் நின்றபோது என்னிடம் சொன்னார்: "முதுகெலும்புல டி.பி. மாதிரி இருக்குதுங்க சார். இந்த வாரமே கோயமுத்தூர் போய் ஸ்கேன் எடுத்துருங்க."

டி.பி. (காசநோய்) நுரையீரலுக்கு மட்டுமே வரும் என்று நினைத்திருந்தவன் நான். வாசலில் ஓர் அறிவிப்பும் ஒட்டியிருந்தது. மருத்துவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் ஏழு வாரத்தில் வருகிறாராம்.

"அவருகிட்டயே காட்டிக்கறனுங்க."

"அதுவரைக்கும் தள்ளிப் போடாதீங்க சார்."

நேற்றுவரை ஸ்கூல் யூனிஃபார்மில் என்னோடு பஸ்ஸில் வந்த பெண், எனக்குச் சொல்வதா? மின்நிலைய ஆபீஸில் கிளார்க்காக இருக்கிற திமிர் எனக்கு, வேறென்ன. கோகிலாவிடம், "டாக்டரம்மாவே காத்திருக்கச் சொல்லிட்டாங்க" என்று வாய்கூசாமல் பொய் சொன்னேன்.

ஏழாவது வாரம் அவளுக்குக் கால் மரத்துப்போனது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை.

பேராசிரியர் வந்தார். டாக்டரம்மாவின் நாற்காலியில் உட்காரவில்லை. ஓரமாக ஸ்டூலைப் போட்டு நோட்டைத் திறந்தார். டாக்டரம்மா கோகிலாவின் முதுகைத் தொட்டு விளக்க விளக்க எழுதிக்கொண்டார். தன் நாட்டில் இந்த நோய் அபூர்வம், இவரிடம் கற்றுக்கொள்ளத்தான் வந்தேன் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அன்றே கோயம்புத்தூர். ஸ்கேன், பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை), ஒன்றரை வருடம் மாத்திரை. நோய் போய்விட்டது. இடது பாதத்தைத்தான் தூக்க வரவில்லை. இதே வலியோடு இருப்பவர்களே, பக்கத்தில் இருக்கிற டாக்டர் சொன்னால் அன்றைக்கே கிளம்புங்கள்.

கடைசிப் பரிசோதனையன்று கோகிலா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க காத்திருக்கச் சொன்னீங்களே, அதனாலதானுங்க அந்தப் பெரிய டாக்டர் பாத்து நான் பொழச்சேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பேசட்டும் என்று காத்திருந்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நல்லா நடந்து பழகுங்கக்கா" என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுதத் தொடங்கினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு முன்பெல்லாம் ஐந்து நிமிடம். இப்போது இருபது. "ஏனுங்க, முன்னால போய் எடம் புடிங்க" என்கிறாள். நான் போவதில்லை. அவளுடைய இடது செருப்பு தரையில் உரசுவதைக் கேட்டபடி பின்னாலேயே நடக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.