நீல பக்கெட்டில் மிஞ்சிய தண்ணீர்

போன ஞாயிறு காலை. பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கதவைத் திறந்தால் வீட்டு ஓனர் ரத்னம்மா. கையில் ஒரு கறிவேப்பிலைக் கொத்து... இலையெல்லாம் ஓரம் கருகித் தொங்குகிறது.

"ஏனப்பா இது, என்ன இது? ஒரு வாரமா நீயும் அந்தப் பொண்ணும் மாடியில என்னமோ காய்ச்சுறீங்க. என் செடிய என்ன பண்ணீங்க?"

நாங்கள் செடியைத் தொடவே இல்லை. சத்தியமாக!

அந்தப் பொண்ணு ஸ்டெல்லா. கல்லூரித் தோழி. வீடு பெங்களூர் அல்சூரில், வேலை ஒரு பாய்லர் கம்பெனியில். நாள் முழுக்க உதிரி பாகங்களுக்குக் கொட்டேஷன் அடிப்பாள். மனசு மட்டும் ஒரு உப்பு ஊற்றில் கிடக்கும். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் அரை நாள் தள்ளி ஒரு சின்ன ஊர். அங்கே ஊற்று வற்றுவதே இல்லை. ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பு. கரண்ட்டும் வந்தால் உண்டு.

இரண்டையும் ஒரே அடுப்பில் தீர்க்கலாம் என்பது அவள் கட்சி. நீராவி டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வரும்போதும் அதில் சூடு மிச்சமிருக்கும். அதை ஏன் வீணாக்க வேண்டும்? அந்தச் சூட்டில் ஊற்று நீரைக் காய்ச்சினால், ஆவி குளிர்ந்து நல்ல தண்ணீர். கரண்ட்டும் ஆச்சு, குடிநீரும் ஆச்சு!

கெஞ்சிக் கேட்டு எம்.டி.யிடம் திங்கட்கிழமை ஒரு மீட்டிங் வாங்கியிருந்தாள். மாடல் பிடித்தால் ப்ராஜெக்ட் அவள் கையில். இல்லாவிட்டால் மறுபடி கொட்டேஷன்.

எனக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. ஈஜிபுராவில் என் வாடகை வீட்டு மாடியையே லேப் ஆக்கிவிட்டோம். பிரஷர் குக்கரின் ஆவி ஒரு தகரச் சக்கரத்தைச் சுற்றும். குட்டி பல்பு எரியும். அதே ஆவி செப்புக் குழாய் வழியே போய், நாங்கள் இருவரும் அந்த ஊருக்குப் போய்க் கேனில் கொண்டுவந்த ஊற்று நீரைச் சூடாக்கும். மேலே சாய்த்து வைத்த கண்ணாடியில் நல்ல தண்ணீர் முத்து முத்தாக இறங்கும். ஆஹா!

பாத்திரத்தில் மிஞ்சிய தண்ணீரை? படிக்கட்டு ஓரம் இருந்த நீல பக்கெட்டில் ஊற்றினோம்.

அங்கேதான் வந்தது வினை. தண்ணீர் பஞ்சம் பார்த்த ஊர் இது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைக்கூட யாரும் சாக்கடையில் விடுவதில்லை. எங்கள் பில்டிங்கில் அது நீல பக்கெட்டுக்குப் போகும். தினமும் ரத்னம்மா அதை எடுத்துச் செடிக்கு ஊற்றுவார். ஒரு வாரமாக, காய்ச்சக் காய்ச்ச உப்பு ஏறிப்போன எங்கள் கரைசலையும் சேர்த்து, பொறுப்பாக, ஒரு சொட்டு வீணாக்காமல்...

ஸ்டெல்லா வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். நேராகக் கீழே போய், "தப்பாய்த்து ஆன்ட்டி, க்ஷமிசி" என்று கன்னடத்திலேயே மன்னிப்புக் கேட்டாள்.

"அது சரிம்மா. சாம்பாருக்கு உன் பல்பையா கிள்ளிப் போடுறது?" என்றார் ரத்னம்மா.

மாடிக்குத் திரும்பியதும் நான் மெல்ல ஆரம்பித்தேன். "விடு ஸ்டெல்லா. எம்.டி. பல்பைப் பார்ப்பார், தண்ணியைக் குடிப்பார். மிச்சத்தைப் பத்தி அவர் கேட்கவே மாட்டார்."

"கேட்க மாட்டார்டா. எனக்கும் தெரியும்." ஊற்று நீர்க் கேனைத் தட்டிக் காட்டினாள். "அந்த ஊத்துக்குக் கீழ்ப்பக்கம் என்ன இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ராகி வயல்.

"இங்க ஒரு பக்கெட். அங்க எத்தன பக்கெட்டுடா, தினமும்?"

திங்கட்கிழமை ஆட்டோவில் மாடலோடு கருகிய கறிவேப்பிலைச் செடியும் தொட்டியோடு போனது. பல்பு எரிந்ததும் எம்.டி. கை தட்டினாராம். தண்ணீரைக் குடித்துவிட்டு, "சூப்பர்மா. அது என்ன செடி?" என்றாராம். சொல்லியிருக்கிறாள், முழுசாக. மிஞ்சும் கரைசலை நிலத்துக்குள் கசியாத தொட்டிகளில் தேக்கி, வெயிலில் காய வைத்து உப்பாக எடுக்க வேண்டும். அதற்கு இடமும் செலவும் கூடும் என்றும்.

"இதைச் சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கே கையெழுத்து போட்டிருப்பேன்" என்றாராம் அவர். "முதல்ல அந்த ஊர் ஆளுங்ககிட்ட பேசு. தொட்டிக்கு இடம் தருவாங்களான்னு கேளு. அப்புறம் வா."

ப்ராஜெக்ட் கிடைத்ததா, இல்லையா? இன்னும் தெரியாது. ஸ்டெல்லா இந்த வாரமும் கொட்டேஷன்தான் அடிக்கிறாள். சனிக்கிழமை நாங்கள் இருவரும் அந்த ஊருக்குப் பஸ் ஏறுகிறோம்.

ரத்னம்மாவுக்குப் புதுக் கறிவேப்பிலைக் கன்று வாங்கிக் கொடுத்தாயிற்று. ஆனால் அவர் இப்போது எந்த பக்கெட்டைப் பார்த்தாலும் முதலில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார். நேற்று அது என் சோப்புத் தண்ணீர்... திட்டு வாங்கினேன்.

இருந்தாலும் சொல்கிறேன் — பெரிய பெரிய திட்டங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடும் முன்னால், அப்படி ஒரு விரல் வேண்டும்!